ஹான் சீனா மீண்டது, மேற்கு ரோம் ஏன் மீளவில்லை?

வைகைக்கரை

வணக்கம். ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமானது.

கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் உலகின் இரு கோடிகளிலும் இரண்டு பேரரசுகள் இருந்தன. மேற்கே ரோம், கிழக்கே ஹான் சீனா. மக்கள்தொகை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வடக்கு எல்லையில் வேற்றினத்தாரோடு ஓயாத மல்லுக்கட்டு, அதுவும் ஒன்றுதான். ஹான் வம்சம் 220ல் முடிந்தது, மேற்கு ரோம் 476ல். ஆனால் சீனா 589ல் சுய் வம்சத்தின் கீழ் மறுபடி ஒன்றானது. பிறகும் உடைந்தது, பிறகும் கூடியது. மேற்கு ஐரோப்பாவில் சார்லமேன் முயன்றார், நெப்போலியன் முயன்றார், யாருக்கும் அது நிலைக்கவில்லை.

ஏன்? ஆடம்பரம், ஒழுக்கக்கேடு, சோம்பல் என்ற பள்ளிக்கூட விடை மட்டும் வேண்டாம்.

திண்ணைத்தோழன்

ஒழுக்கக்கேட்டை எடுத்துவிட்டால் எங்கள் வரலாற்று வாத்தியார் பாதி மார்க் குறைத்துவிடுவார் :)

என் கட்சி: கிறிஸ்தவம். வாளெடுக்க வேண்டியவன் மடத்துக்குப் போனான். படைக்குப் போக வேண்டிய பணம் தேவாலயத்துக்குப் போனது. வேறென்ன வேண்டும்?

பழுப்பேடு

@திண்ணைத்தோழன், அப்படியானால் முதலில் விழுந்திருக்க வேண்டியது கிழக்கு ரோமின் தலைநகர் கான்ஸ்டான்டினோபிள். அங்கேதான் கிறிஸ்தவம் அடர்த்தி. எகிப்திலும் சிரியாவிலும்தான் துறவிகள் ஆயிரக்கணக்கில். அந்தக் கிழக்குப் பாதி 1453 வரை நின்றது. ஒரே மதம், ஒரே சட்டம், ஒரே மாதிரிப் படை. ஒரு பாதி சாய்ந்தது, மறுபாதி இன்னும் ஆயிரம் ஆண்டு ஓடியது. இரண்டுக்கும் பொதுவான எதையும் காரணமாகச் சொல்ல முடியாது.

சீனாவையும் பாருங்கள். பௌத்தம் பெருகியதே நாடு உடைந்து கிடந்த காலத்தில்தான். மறுபடி ஒன்றாக்கிய சுய் வென்டி அந்தப் பௌத்தத்தையே பிடித்துக்கொண்டு, மாகாணம் மாகாணமாகப் புத்த தாதுக்களை அனுப்பி வைத்தார்.

கோடைமழை

நோயை யாரும் சொல்லவில்லையே? 165ல் ரோமில் அந்தோனைன் கொள்ளைநோய். ஹான் ஆவணங்களிலோ 171, 173, 179, 182, 185 என்று வரிசையாகத் தொற்று. 184ல் மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சி. அதன் தலைவர் சாங் ஜுவே மந்திரித்த நீர் கொடுத்து நோயாளிகளைக் குணப்படுத்துவதாகச் சொல்லித்தான் கூட்டம் சேர்த்தார். ஒரே கிருமி பட்டுச்சாலை வழியாக இரு பக்கமும் போயிருக்கலாமே.

பழுப்பேடு

போயிருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே நோய் என்பதற்குச் சான்று கிடையாது. இருந்தாலும் உங்கள் பேச்சில் சாரம் உண்டு. நோய் ஆளைக் கொல்வதோடு நிற்காது. வரி கட்டுகிறவனையும் படையில் சேருகிறவனையும் சேர்த்துக் குறைக்கிறது. ஆனால் நோய் வந்த பிறகு ரோம் இன்னும் முந்நூறு ஆண்டு இருந்ததே, அதற்கு என்ன சொல்வது? ஹானோ ஐம்பது ஆண்டு கூடத் தாங்கவில்லை.

தணிக்கையாளர்_ஓய்வு

கணக்குப் பார்த்தே காலம் கழித்தவன். அதனால் எனக்கு ஒரே கண்ணாடிதான். எந்த அரசு விழுந்தது என்று யாராவது சொன்னாலும் நான் கேட்பது: வரிப் பதிவேடு யார் கைக்குப் போனது?

நம் ஊரில் ராஜா போய் நவாப் வந்தான், நவாப் போய்க் கம்பெனி வந்தது. கர்ணத்தின் கணக்குக் கட்டு மட்டும் இருந்த வீட்டிலேயே இருந்தது. வந்தவன் எவனானாலும் முதலில் தேடியது அந்தக் கட்டைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஹான் அரசு கி.பி. 2ல் தலைக்கணக்கு எடுத்தது. சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகள், 6 கோடிக்குச் சற்றுக் குறைவான தலைகள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கணக்கு வேறெந்த நாட்டிலிருந்தும் நமக்கு எஞ்சவில்லை. 157லும் கிட்டத்தட்ட அதே அளவு, 5 கோடியே 60 லட்சத்துக்கு மேல். பிறகு ஹான் போய், மூன்று நாடுகளாகப் பிரிந்து, சீமா குடும்பத்தின் ஜின் வம்சம் 280ல் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி எண்ணியபோது 1 கோடியே 60 லட்சம்தான் தேறியது.

நான்கு கோடிப் பேர் செத்துவிட்டார்களா? போரிலும் பஞ்சத்திலும் நிறையப் பேர் செத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி பதிவேட்டிலிருந்துதான் காணாமல் போனது. வரிக்கும் கட்டாய வேலைக்கும் பயந்த குடியானவன் பக்கத்து நிலக்கிழாரிடம் போய் ஒண்டிக்கொண்டான். அவன் பெயர் அரசின் ஏட்டிலிருந்து நீங்கி ஜமீனின் ஏட்டில் ஏறியது. ஹான் அரசு உண்மையில் விழுந்த விதம் இதுதான். அந்தப்புர அலிகள், குழந்தை அரசர்கள், அரசியின் அண்ணன் தம்பிகள் என்று அரண்மனைக் கதை எவ்வளவோ உண்டு, படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். எனக்கு அவற்றைவிட 88ஆம் ஆண்டுதான் முக்கியம். உப்பும் இரும்பும் அரசின் ஏகபோகமாக இருந்ததை அந்த ஆண்டில் கைவிட்டார்கள். வூ சக்கரவர்த்தி வடக்குப் புல்வெளி நாடோடிகளான ஷியோங்னுவோடு போரிடக் காசு தேடி, கி.மு. 117 வாக்கில் உண்டாக்கிய வருமானம் அது. விட்டபின் லாபம் யார் மடியில் விழுந்திருக்கும்? அதே நிலக்கிழார்கள் மடியில்.

இப்போது ரோம். 3ஆம் நூற்றாண்டில் அதுவும் ஹான் போலவே செத்திருக்க வேண்டியது. 235க்கும் 284க்கும் நடுவே சக்கரவர்த்திகள் வந்த வேகத்தில் போனார்கள். வெள்ளி நாணயத்தில் வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே போனது. செம்புக்கு வெள்ளி முலாம் என்பதே சரி. ஆனால் டயோக்ளீஷியன் வந்து நிலத்தையும் தலையையும் மறுபடி அளந்தார். வரி மதிப்பீட்டைச் சுற்றில் வைத்தார்கள். அது பின்னால் 15 ஆண்டுச் சுற்றாக நிலைத்தது. கான்ஸ்டன்டைன் ஒரு ராத்தல் தங்கத்துக்கு 72 வீதம் சொலிடஸ் காசு அடித்தார். அந்தக் காசு 11ஆம் நூற்றாண்டு வரை பெரிதாக மாற்றுக் குறையாமல் கிழக்கில் ஓடியது. எழுநூறு ஆண்டு! அடித்த அரசு பாதி இடத்தில் இல்லாமலே போனபிறகும் காசு மதிப்போடு இருந்தது.

சரி, மேற்கு எங்கே உடைந்தது? 410ல் கோத் அரசன் அலாரிக் ரோமுக்குள் புகுந்தது பெரிய தலைப்புச் செய்தி. கணக்கில் அது சின்ன நஷ்டம். என்னைக் கேட்டால் 439 அக்டோபர். அன்று வாண்டல் அரசன் கைசெரிக் கார்த்தேஜைப் பிடித்தான். வட ஆப்பிரிக்காதான் மேற்கின் நெற்களஞ்சியம், எண்ணெய்ச் செக்கு, வரிப்பெட்டி எல்லாம். அந்த வரி நின்றதும் படைக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாததால் படைக்கு நிலமே கூலி. நிலம் கொடுத்தபின் வரி இன்னும் குறைவு. திருப்பிப் பிடிக்க 468ல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்களை அனுப்பின என்கின்றன அக்காலக் குறிப்புகள். கைசெரிக் நெருப்புக் கப்பல்களை ஏவிவிட்டான், முடிந்தது கதை. 476ல் சக்கரவர்த்தியாக இருந்த ஒரு சிறுவனைப் படைத்தலைவன் ஒடோவாக்கர் பதவியிறக்கியபோது இறக்குவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

வைகைக்கரை

ஐயா, அற்புதம். ஆனால் என் கேள்வியின் இரண்டாம் பாதி அப்படியே நிற்கிறதே. சீனாவிலும் பதிவேடு கிழிந்தது என்றுதானே சொல்கிறீர்கள்? அங்கே மட்டும் எப்படி ஒட்டியது?

எழுத்தாணி

நான் சொல்கிறேன். எழுத்து. சீன எழுத்து ஒலியைச் சார்ந்ததல்ல. வடக்கத்தியானும் தெற்கத்தியானும் பேசினால் ஒருவருக்கொருவர் புரியாது, எழுதினால் புரியும். கூடவே கன்பூசிய நூல்களைப் படித்த ஒரு அதிகாரி வர்க்கம். நாடு உடைந்தாலும் ஒரே நாடு என்ற நினைப்பு உடையவில்லை.

பழுப்பேடு

@எழுத்தாணி, மேற்கிலும் ஒரே எழுத்துதானே? லத்தீன். போலந்திலிருந்து போர்ச்சுகல் வரை படித்தவன் எழுதியது லத்தீனில்தான், அதுவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். அவர்கள் எல்லாருக்கும் ரோமின் மீது ஏக்கமும் இருந்தது. ஜெர்மானியனே தன்னைப் புனித ரோமானியச் சக்கரவர்த்தி என்றுதான் அழைத்துக்கொண்டான். நினைப்பு இருந்தது, நாடு வரவில்லை. எழுத்து உதவியிருக்கும், அது மட்டும் போதாது.

தணிக்கையாளர்_ஓய்வு

@வைகைக்கரை, ஒட்டியவர்கள் சீனர்கள் அல்ல என்பதுதான் வேடிக்கை.

311ல் ஜின் தலைநகர் லோயாங் விழுந்தது, 316ல் சாங்கான். பிடித்தது ஷியோங்னு அரசன். ஜின் குடும்பம் தெற்கே ஓடி, இன்றைய நான்ஜிங்கில் 317ல் புதுக்கடை திறந்தது. வடக்கில் நூறு ஆண்டுக்கு மேல் ஒரே அடிதடி. அதன்பின் அதை ஒருவழியாக அடக்கி ஆண்டது வட வெய் அரசு. அவர்கள் ஷியான்பெய், புல்வெளிக் குதிரைக்காரர்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 485ல் சமநிலத் திட்டம் கொண்டுவந்தார்கள். நிலம் அரசுடையது, வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு என்று அளந்து கொடுப்பது, கொடுத்த ஒவ்வொருவர் பெயரையும் ஏட்டில் ஏற்றுவது, ஏட்டில் ஏறியவனிடம் தானியமும் துணியும் வரியாக வாங்குவது. அடுத்த ஆண்டே ஐந்து வீட்டுக்கு ஒருவன், அவனுக்கு மேல் ஒருவன் என்று ஊர்த்தலைவர்களை வைத்து, நிலக்கிழாரிடம் ஒண்டியிருந்தவர்களை வெளியே இழுத்தார்கள். 494ல் ஷியாவொவென் சக்கரவர்த்தி தலைநகரையே லோயாங்குக்கு மாற்றி, ஷியான்பெய்ப் பிரபுக்களைச் சீன உடை உடுத்தவும் அரசவையில் சீனம் பேசவும் வைத்தார். அந்த வடக்கத்திய ஏட்டின் மேல் நின்றுதான் சுய் 589ல் தெற்கை விழுங்கியது.

மேற்கில் கோத், பிராங்க் அரசர்களும் ரோம வரியைத் தொடரத்தான் பார்த்தார்கள். இத்தாலியில் தியோடரிக் காலத்தில் பழைய அலுவலகம் அப்படியே ஓடியது. ஆனால் படைவீரன் நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். சம்பளம் கேட்காத படைக்கு வரி எதற்கு? தலைமுறைக்குத் தலைமுறை வசூல் தேய்ந்தது. பிராங்க் நாட்டில் வரி ஏட்டை அரசியே நெருப்பில் போட்டதாக 6ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று உண்டு, பிள்ளைகளுக்கு நோய் வந்தது அந்தப் பாவத்தால்தான் என்று நினைத்தாளாம். படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது!

திண்ணைத்தோழன்

தணிக்கையாளருக்கு நெஞ்சடைப்பு. அந்த ஊர்க் குடியானவனுக்குத் தீபாவளி.

சோளக்கொல்லை

வரி, ஏடு என்றே பேசினால் மத்திய அமெரிக்காவின் மாயாக்களை என்ன செய்வது? அங்கே பேரரசே இல்லை. திக்கால், கலாக்முல், கோப்பான், பலென்கே என்று நகரத்துக்கு நகரம் அரசன். 8, 9ஆம் நூற்றாண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு நகரங்கள் காலியாயின. திக்காலில் கடைசித் தேதிக்கல் 869. தொனினாவில் 909, அதோடு அந்த நீள்நாட்காட்டி (மாயாக்களின் நாள் எண்ணும் முறை) கல்வெட்டுகளே நின்றன. ஏரி வண்டல்களில் அக்காலத்து வறட்சி தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். அதே சமயம் வடக்கே யுகத்தானில், இன்னும் வறண்ட நிலத்தில், சிச்சென் இட்சா செழித்தது. மழை மட்டும் காரணம் என்றால் அது முதலில் காய்ந்திருக்க வேண்டும். தெற்கில் மழையை வரவழைக்கும் பொறுப்பையே அரசன் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். மழை பொய்த்தபோது அரசனும் பொய்த்தான் என்பது என் எண்ணம். கோப்பானில் 822ஆம் ஆண்டுப் பலிபீடம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் செதுக்கி முடித்திருக்கிறார்கள், அடுத்த பக்கத்தைத் தொடங்கி அப்படியே விட்டிருக்கிறார்கள்.

மாயா மக்கள் மறைந்துவிட்டார்கள் என்று யூடியூபில் சொல்வதை நம்பாதீர்கள். குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றும் லட்சக்கணக்கானோர் மாயா மொழிகள் பேசுகிறார்கள்.

கொங்குச்சாலை

நம்ம பக்கம் யாரும் வரவே இல்லையே. கோயம்புத்தூர், கரூர் வட்டாரத்தில் தோண்டினால் ரோமக் காசு. ரோம் நலிந்ததும் வணிகம் நின்று, அதனால்தான் சங்ககாலம் முடிந்து களப்பிரர் வந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சரியா?

குப்தர்களையும் விட்டுவிட்டீர்கள்.

பனங்கூடல்

கொங்குச்சாலை அண்ணை, வணிகம் நிண்டது எண்டு சொல்லேலாது. இலங்கையில கிடைக்கிற ரோமக் காசில பெரும்பங்கு 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசுதான், சின்னனாத் தேய்ஞ்சு போய் இருக்கும். சிகிரியாவில கிடைச்சிருக்கு. காசு போதாமல் இஞ்சையே அதைப் பார்த்து அடிச்ச போலிக்காசும் கனக்க இருக்கு. சிகிரியாவைக் கட்டின காசியப்பன் அரியணை ஏறினது 477 எண்டு சொல்லுவினம், ரோமில அந்தப் பெடியனை இறக்கி ஒரு வருசம் கழிச்சு. ரோமில கடை பூட்டியாச்சு, இஞ்சை அந்தக் காசு புழங்கிக்கொண்டே இருந்தது.

பழுப்பேடு

@பனங்கூடல் சொன்னது சரி. மதுரை, கரூர்ப் பக்கமும் அதே பிற்காலச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயும் 3ஆம் நூற்றாண்டில் தளர்ந்து 4ஆம் நூற்றாண்டில் மறுபடி எழுந்தது. ஆகவே ரோம் விழுந்தது, களப்பிரர் வந்தார் என்று ஒரே கோடு போட முடியாது.

மிளகின் கதை இன்னும் நன்றாக இருக்கும். 408ல் அலாரிக் ரோமை முற்றுகையிட்டு, விட்டுப்போகக் கேட்ட பட்டியல்: 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டாடை, 3,000 செஞ்சாயத் தோல், 3,000 ராத்தல் மிளகு. மலைநாட்டு மிளகு அவ்வளவு அந்த நகரக் கிடங்குகளில் இருந்திருக்கிறது என்றுதானே பொருள்.

குப்தருக்கு வருகிறேன். சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் மெய்க்கீர்த்தி காஞ்சி விஷ்ணுகோபனைப் பிடித்து விட்டதாகச் சொல்கிறது. பிடித்தார், விட்டார், வரி ஏட்டைக் கொண்டுபோகவில்லை. குப்த ஆட்சியின் குணமே அதுதான், கீழே இருப்பவனை அப்படியே விட்டுவைப்பது. பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் இறையிலியாக நிலம் கொடுப்பதும் அக்காலத்தில் பெருகியது. ஸ்கந்தகுப்தன் ஹூணரைத் தடுத்தான், ஆனால் அவன் பொற்காசில் எடை கூடி மாற்றுக் குறைந்தது. அது போதும் நிலவரம் சொல்ல.

மந்தசோர் கல்வெட்டு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். குஜராத்தின் லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று இடம்பெயர்ந்து அங்கே வந்தது. 437 வாக்கில் சூரியனுக்குக் கோயில் கட்டியது, 473 வாக்கில் அதைப் பழுதுபார்த்தது. வந்தவர்களில் சிலர் நெசவை விட்டு வில் பழகினார்கள், சிலர் சோதிடம் பார்த்தார்கள், சிலர் கதை சொன்னார்கள் என்கிறது கல்வெட்டு. பட்டுச் சந்தை சரிந்ததற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. சங்கத்தின் கையில் பழுதுபார்க்கப் பணம் இருந்ததே, அதை ஏன் பார்ப்பதில்லை என்பது என் கேள்வி. குப்தர் போனபிறகு இந்தியாவில் நூறு அரசுகள் முளைத்தன, ஊர்கள் ஓய்ந்துவிடவில்லை.

நெறியாளர்

களப்பிரர் யார், எந்தச் சாதி என்ற மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே அடித்துக்கொள்ளுங்கள்.

கோடைமழை

திண்ணைத்தோழன் கிண்டலாகச் சொன்னதை நான் நிஜமாகவே கேட்கிறேன். ஏடு எரிந்தால் குடியானவனுக்கு நல்லதுதானே? ரோம் போனபிறகு மேற்கில் மக்கள் உயரமாக வளர்ந்திருப்பதாகச் சில எலும்பு ஆய்வுகள் காட்டுகின்றன. வரி இல்லை, நெருக்கடியான நகரம் இல்லை, சாப்பாடு பரவாயில்லை.

பழுப்பேடு

பிரிட்டனைப் பாருங்கள். 410 வாக்கில் ரோமப் படை போனது. ஒரே தலைமுறையில் காசுப் புழக்கம் அற்றுப்போனது. சக்கரத்தில் வனைந்த மட்பாண்டம் நின்றது. கையால் பிடித்த சட்டிதான். ஓட்டு வீடு போய்க் கூரை வீடு. ரோமர் வருவதற்கு முந்தைய இரும்புக்காலத்திலேயே பிரிட்டனில் சக்கரம் சுற்றியது! அதற்கும் பின்னால் போனார்கள். வரி வாங்கிய அரசு அந்த வரியைப் படைக்குக் கொடுத்தது, படை சந்தையில் செலவழித்தது, சந்தைக்காகக் குயவன் வனைந்தான். ஒன்றை உருவினால் எல்லாம் சரிந்தது.

கோடைமழை

குயவனுக்கு நஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். உழுதவன் சட்டியைப் பார்த்தானா, சட்டிக்குள் இருந்ததைப் பார்த்தானா? இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

வைகைக்கரை

தணிக்கையாளர் ஐயாவுக்குக் கடைசியாக ஒன்று. வந்தவன் ஏட்டைக் காப்பாற்றினால் அரசு மீளும் என்றால், எகிப்து, சிரியாவில் அரபுகள் வந்தபோது? அங்கே ஏடு தப்பியது, ஆனால் ரோம் திரும்ப வரவில்லையே.

தணிக்கையாளர்_ஓய்வு

நல்ல அடி. ரோம் என்ற பெயர் திரும்பும் என்று நான் சொல்லவில்லை; ஏடு யார் கையில் இருக்கிறதோ அவன் பேரரசு கட்டுவான் என்கிறேன். 640களில் எகிப்தைப் பிடித்த அரபுகள் பழைய கிரேக்கக் கணக்கர்களையே வைத்துக்கொண்டார்கள். ஈராக்கில் பாரசீகக் கணக்கர்கள். கணக்கு மொழியை அரபிக்கு மாற்றும் வேலை கலீபா அப்துல் மாலிக் காலத்தில், 7ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் கலீபாவின் வரி கிரேக்கத்தில் எழுதப்பட்டது.

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. 643 ஏப்ரல். அரபுப் படைக்காக ஒரு எகிப்திய வட்டாரத்திலிருந்து 65 ஆடுகள் வாங்கிக்கொண்டதற்கு ரசீது. மேலே கிரேக்கம், கீழே அரபி. அரபி வரியில் ஹிஜ்ரி 22 என்று போட்டிருக்கிறது. கிரேக்க வரியில் அந்தப் பழைய 15 ஆண்டு வரிச் சுற்றின் முதலாம் ஆண்டு என்று போட்டிருக்கிறது.

திண்ணைத்தோழன்

ஆட்டுக்கு ரசீதா! பிடித்துக்கொண்டு போகாமல்?

தணிக்கையாளர்_ஓய்வு

ரசீது கொடுத்தால்தானே அடுத்த வருஷமும் ஆடு வரும்.